இரண்டாவது ஸ்லாட்

மெமரியை நானூறு வேகத்தில் ஓட்டினால் பதினான்கு மதர்போர்டுகளும் படுத்துக்கொண்டன. முந்நூற்று முப்பத்துமூன்றுக்கு இறக்கினால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டுத் திரை உறைந்தது. இருநூற்று அறுபத்தாறுக்கு இறக்கினால் பரம சாதுவாக ஓடின. இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன முடிவுக்கு வருவது? கனகலட்சுமி வாய்விட்டே கேட்டாள். பதில் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

சாப்பாட்டு நேரம் அது. டெஸ்ட் ரூமில் இருந்த மற்ற ஐந்து பேரும் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். கனகலட்சுமியும் போனாள்தான். ஏழே நிமிஷத்தில் சாம்பார் சோற்றை விழுங்கிவிட்டுத் திரும்பி வந்தாள். உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட, எதிரே ஒரு முகமாவது இருக்க வேண்டாமா? ஹாஸ்டல் சிநேகிதி கவியா இருந்தவரை இருந்தது. இப்போது இவள் தட்டோடு வந்தால் பெஞ்சில் இருக்கும் பெண்கள் மெல்ல நகர்ந்து இடம் விடுகிறார்கள். மரியாதைக்கு இல்லை.

ஒரகடம் போகும் ரோட்டில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டருக்கான மதர்போர்டு தயாரித்தார்கள். கவியா, பாகங்களைக் கையால் பொருத்தும் கை வரிசையில் இருந்தாள். மெமரி ஸ்டிக் செருகுவதற்கான நீளமான பிளாஸ்டிக் ஸ்லாட்டை, போர்டில் இருக்கும் பொடித் துளைகளில் அதன் கம்பிக் கால்கள் வளையாமல் நேராக அழுத்தி உட்கார வைப்பது அவள் வேலை. ஒரு போர்டுக்கு இரண்டு ஸ்லாட். பிறகு ஈயத்தால் பற்றவைப்பு, பிறகு கனகலட்சுமியின் மேஜை. அவளிடம் சோதனைக்கென்றே இரண்டு மெமரி ஸ்டிக் உண்டு. விரல் நீளப் பச்சைப் பட்டைகள், அடி ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். வருகிற ஒவ்வொரு போர்டிலும் அதே இரண்டு ஸ்டிக்கைச் செருகி, நானூறு வேகத்தில் இருபது நிமிஷம் ஓட்டுவாள். ஓடினால் பாஸ். நின்றால் ஃபெயில், கூடவே ஒரு சீட்டு. அந்தச் சீட்டில் தப்பு யாருடையது என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த முதல் நாள்தான் வினை. காலை ஷிஃப்டிலேயே போர்டுகள் ஃபெயில் ஆக ஆரம்பித்தன. எல்லாம் இல்லை. ஒன்று ஓடும், அடுத்தது நிற்கும். முதலில் நின்ற இரண்டைக் கை வரிசைக்கே திருப்பி அனுப்பிப் பார்த்தார்கள். ஒன்றும் சரியாகவில்லை. நிற்பதெல்லாம் மெமரியில்தான் நின்றன. டெஸ்ட் ரூம் சூப்பர்வைசர் எல்லப்பன் வந்து, "இன்னாம்மா, ஸ்லாட்டுல ப்ராப்ளமா?" என்று கேட்டார். "அப்படித்தான் சார் தெரியுது" என்றாள் கனகலட்சுமி. கட்டத்தில் கை வேலைப் பிழை என்று எழுதினாள். ஒரு தடவை இல்லை, பதினான்கு தடவை எழுதினாள். ஸ்லாட் உட்கார வைப்பது யார் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அது தன்னுடைய கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் என்பதும் தெரியும். ஆனால் வேலை வேலைதானே, சிநேகிதி என்பதற்காக மாற்றி எழுத முடியுமா என்று நினைத்துக்கொண்டாள். நேர்மையாக இருக்கிறோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் இரண்டரை மணிக்குக் கவியாவை வரிசையில் இருந்து எழுப்பிவிட்டு வேறொரு பெண்ணை உட்கார வைத்தார்கள். அதன்பிறகு ஒரு போர்டுகூட ஃபெயில் ஆகவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கை மாறியது, கோளாறு போயிற்று. கவியா கான்ட்ராக்ட் ஆள். அன்று சாயங்காலமே ஏஜெண்டிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள், வேலையில் கவனக்குறைவு என்று ஒரு குறிப்போடு. அந்த ரோட்டில் பாதிக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புவது அதே ஏஜெண்டுதான். குறிப்பு ஒன்று விழுந்தால் எந்தக் கம்பெனி கேட்டிலும் நுழைய முடியாது. சங்கரன்கோவில் பக்கத்தில் இருந்து வந்த கவியா, ஒற்றைப் பையோடு சங்கரன்கோவிலுக்கே திரும்பிப் போனாள்.

அவள் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தார்கள். ஒரு பேச்சு இல்லை. கனகலட்சுமிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால் தூங்குகிற மாதிரி கிடந்தாள். விடிந்து எழுந்தபோது பக்கத்துக் கட்டிலில் பாய் மட்டும் இருந்தது.

குன்றத்தூரில் தாயாரம்மாளின் வீட்டு மாடியும் கீழ்த்தளமும் சேர்ந்து லேடீஸ் ஹாஸ்டல் என்று பெயர். கீழ் ரூமில் நாலு கட்டில். இவளுடையதும் கவியாவுடையதும் போக மற்ற இரண்டும் திண்டுக்கல் பெண்களுடையவை. அவர்கள் வேறு கம்பெனி, எப்போதும் ராத்திரி ஷிஃப்ட். இவள் வரும்போது அவர்கள் கிளம்புவார்கள், அவர்கள் வரும்போது இவள் கிளம்புவாள். ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர்கள் போர்வைக்குள் இருப்பார்கள். ஆக, அந்த ரூமில் கனகலட்சுமியோடு பேசியது கவியா ஒருத்திதான். பேச்சென்றால் சும்மா பேச்சா? சோப்பு யார் வாங்குவது என்பதில் இருந்து, கம்பெனி பஸ் டிரைவர் எந்தப் பெண்ணுக்காக ஒரு நிமிஷம் கூடுதலாக நிறுத்துகிறார் என்பது வரைக்கும் பேச்சு. இப்போது பல் தேய்த்து, குளித்து, பஸ் ஏறி, வேலை செய்து, திரும்பி வந்து படுக்கும்வரை "சரி சார்" என்பதைத் தவிர ஒரு வார்த்தை வெளியே வராத நாட்கள் வந்தன. தன் குரலே மறந்துவிடுமோ என்று ஒருநாள் பாத்ரூமில் நின்று சத்தமாக ஒன்று, இரண்டு எண்ணிப் பார்த்தாள். எண்ணிவிட்டு அழுதாள்.

அழுதால் ஆகுமா? கனகலட்சுமி அம்பாசமுத்திரத்துக்காரி. டிப்ளமா எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கோளாறு என்றால் காரணம் இருக்க வேண்டும் என்று படித்தவள். கவியாவின் கை தப்புப் பண்ணாது என்று அவளுக்கு மனசுக்குள் ஒரு மூலையில் தெரிந்தே இருந்தது. பூப்பறிக்கிற மாதிரி வேலை செய்கிற கை அது. அந்தப் பதினான்கு போர்டுகளும் இன்னும் ஸ்கிராப்புக்குப் போகாமல் டெஸ்ட் ரூம் அலமாரியில் இருந்தன. வேறு காரணம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் கவியாவைத் திரும்பக் கூப்பிடலாம். பக்கத்துக் கட்டிலில் ஆள் வரும். உண்மையைச் சொன்னால், கவியாவின் பேரைக் காப்பாற்ற வேண்டும் என்பதைவிட இந்த ஆசைதான் முதலில் வந்தது.

அன்றில் இருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் சோதனை நேரமாயிற்று. போர்டின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸ் திரையைத் திறந்து மெமரி செட்டிங்கை ஒவ்வொன்றாக மாற்றுவாள். கேட்டதை எடுத்துக் கொடுக்க மெமரிக்கு எவ்வளவு அவகாசம் தருகிறோம் என்பது ஒன்று. அதைக் கூட்டிப் பார்த்தாள். இரண்டு நிமிஷம் அதிகமாக ஓடிவிட்டு நின்றது. மெமரிக்குப் போகும் வோல்டேஜைத் துளி உயர்த்தினாள். இன்னும் மூன்று நிமிஷம், பிறகு நின்றது. தன் ஸ்டிக்கை விட்டுவிட்டு ஸ்டோரில் இருந்து புது ஸ்டிக் வாங்கிச் செருகினாள். அதுவும் நின்றது. சரிதான், கோளாறு ஸ்டிக்கில் இல்லை, போர்டில்தான் இருக்கிறது. அந்த நேரம் மனசு அப்படியே உட்கார்ந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே விட்டிருப்பார்கள்.

அவள் விடவில்லை. ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்துக்கொண்டு முதல் ஸ்லாட்டில் செருகினாள். நானூறில் இருபது நிமிஷம், முப்பது நிமிஷம், ஜம்மென்று ஓடியது. அதே ஸ்டிக்கை இரண்டாவது ஸ்லாட்டில் செருகினாள். நான்கே நிமிஷத்தில் நின்றது. அடுத்த போர்டு, அதற்கடுத்த போர்டு, பதினான்கும் அதே கதை. இரண்டாவது ஸ்லாட் மட்டும்தான்.

இங்கேதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஒரே கை இரண்டு ஸ்லாட்டையும் உட்கார வைக்கிறது. கை தப்பு என்றால் இன்றைக்கு முதலாவது கெடும், நாளைக்கு இரண்டாவது கெடும். எப்போதும் இரண்டாவது மட்டும் எப்படிக் கெடும்? ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தாள். பதினான்கிலும் ஸ்லாட் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அடியில் பற்றவைப்பும் சுத்தம். அன்றைக்கும் எல்லோரும் அடியில்தான் பார்த்தார்கள். கவியாவின் தப்பைத் தேடியவர்கள் கவியா வேலை செய்த இடத்தில் மட்டும் தேடினார்கள். மேலே, ஸ்டிக் இறங்குகிற வாய்க்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓவர்டைம் நாள். டெஸ்ட் ரூமில் அவளும் ஏ.சி. சத்தமும் மட்டும்தான். பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து, போர்டைச் சாய்த்து, இரண்டாவது ஸ்லாட்டுக்குள் பார்த்தாள். பொடிப் பொடியான பித்தளைக் கம்பிகள் வரிசையாக நின்றன. அவற்றில் நாலைந்துக்கு நடுவே என்னவோ ஒட்டிக் காய்ந்திருந்தது. அடுத்த போர்டிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. "அட கவியா, ஒன் கை இல்லட்டீ!" என்று கத்தியே விட்டாள். அந்தச் சந்தோஷம் மூச்சு விடுகிற நேரம்கூட நிற்கவில்லை. குச்சி முனையால் சுரண்டி எடுத்து வெள்ளைத் தாளில் தேய்த்தாள். சிவப்பு. மூக்கருகே கொண்டு போனாள். சந்தன வாசனை.

ஆயுத பூஜை அன்று எல்லப்பன்தான் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வைத்த தட்டைக் கொண்டுவந்து டெஸ்ட் ரூமில் நீட்டினார். போர்டு மேல் படக் கூடாது, மேஜையில் மட்டும் வையுங்கள் என்று சொன்னார். கனகலட்சுமி மேஜைக்கு வைத்தாள், மானிட்டருக்கு வைத்தாள், ஸ்குரூடிரைவருக்கு வைத்தாள். பிறகு அந்த இரண்டு மெமரி ஸ்டிக்கையும் பார்த்தாள். நாள் முழுக்க கையில் இருக்கிற கருவி, சோறு போடுகிற கருவி. அதை விட்டுவிட்டு ஸ்குரூடிரைவருக்கு மட்டும் வைத்தால் நன்றாகவா இருக்கும்? லேபிள் மேல்தான் பொட்டு வைத்தாள். முதல் ஸ்டிக்குக்கு ஒழுங்காக வைத்தாள். இரண்டாவதற்கு வைக்கும்போது சந்தனம் வழிய, அதே ஈர விரலால் தங்கப் பற்கள் இருக்கும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரட்டும் என்று துடைக்காமலும் விட்டாள். விடுமுறை முடிந்து வந்து, அந்த ஸ்டிக்கை ஒவ்வொரு போர்டாகச் செருகிச் செருகி, காய்ந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் இரண்டாவது ஸ்லாட்டுகளுக்குள் இறக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். நின்று போன போர்டுகள் அதை வாங்கிக்கொண்டவை. மத்தியானம் இரண்டரை மணிக்குள் பற்கள் தேய்ந்து சுத்தமாகிவிட்டன. அந்த நேரம் பார்த்துத்தான் கவியாவை எழுப்பியிருக்கிறார்கள்.

கனகலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கவியா தப்புப் பண்ணவில்லை என்று காட்ட அவளிடம் இருந்த ஒரே வழி, தப்புப் பண்ணியது தான்தான் என்று காட்டுவது. செவ்வாய்க்கிழமை அந்தப் பதினான்கும் ஸ்கிராப்புக்குப் போகிறது. சும்மா இருந்தால் போதும், நசுங்கிப் போய்விடும். அடுத்த மாதம் அவளை நிரந்தரமாக்கும் கடிதம் வர வேண்டும். அவள் ஒன்றும் உத்தமி இல்லை, சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தாள். திங்கட்கிழமை ராத்திரி பக்கத்துக் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் அந்த நினைப்பு கைவிட்டுப் போயிற்று. பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தனிமையோடு இந்த ரகசியத்தையும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது என்று தெரிந்தது.

செவ்வாய் காலை எல்லப்பனிடம் போய் நின்றாள். வெள்ளைத் தாளை நீட்டினாள். அவர் தாளைப் பார்த்தார், முகர்ந்தார், கதவைச் சாத்தினார்.

"இத்த யார் வெச்சது?"

"நாந்தான் சார். டெஸ்ட் ஸ்டிக்குக்குப் பொட்டு வெச்சேன். அதான் ஸ்லாட்டுக்குள்ள எறங்கியிருக்கு. பதினாலு போர்டையும் நாப்பது தடவ சோதிச்சுட்டேன் சார்."

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல சார்."

"அப்போ இங்கியே வுட்டுடும்மா. போர்டு இன்னைக்குப் போய்டும். அந்தப் பொண்ணு ஊர்ல செட்டில் ஆய்க்கினு இருக்கும்."

"ஆகாது சார். அவள எங்கயும் எடுத்துக்க மாட்டாங்க. நான் எழுதுன சீட்டுல்ல அவ பேருல கெடக்கு."

எல்லப்பன் தண்டலத்துக்காரர். கெட்டவர் இல்லை, பயந்தவர். "தட்ட குட்தது நானு. மேல கேட்டா என் தலையும்தான் உருளும். உனக்குப் புரியுதா?" என்றார்.

"ஒங்க பேரு வேண்டாம் சார். நீங்க மேஜைக்கு மட்டும்னுதான் சொன்னீங்க. என் பேர எழுதுங்க."

"கன்ஃபர்மேஷன் பூடும்மா."

"போகட்டும் சார்" என்றாள். சொல்வதற்கு என்ன, வாய் சொல்லிவிட்டது.

எல்லப்பன் தாளை மேஜையில் வைத்தார். பிறகு எழுந்து ஸ்பிரிட் பாட்டிலையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வந்தார். இருவரும் சேர்ந்து இரண்டாவது ஸ்லாட்டுகளைக் கழுவினார்கள். காயவைத்து, நானூறில் விட்டார்கள். ஷிஃப்ட் முடியும்வரை ஓடின, ஒன்றுகூட நிற்கவில்லை. "ஐயோ, சும்மா கெடந்த பொண்ண அனுப்பிட்டமே" என்று எல்லப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே ரிப்போர்ட் எழுதினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றி, கனகலட்சுமியின் பேரை மட்டும் எழுதினார்.

அவளை டெஸ்ட் ரூமில் இருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள். அட்டைப் பெட்டி மடிக்கிற வேலை. நிரந்தரக் கடிதம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கவியாவின் பேரில் இருந்த குறிப்பை எடுத்துவிட்டு அவளைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி ஏஜெண்டிடம் ஆள் போயிற்று. இது ஒன்று போதும் என்றிருந்தது கனகலட்சுமிக்கு. பெட்டி மடித்து மடித்து விரல் ஓரமெல்லாம் கிழிந்தாலும் வாய்க்குள் பாட்டு ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை கவியா வருகிறாள் என்று தாயாரம்மாள்தான் சொன்னாள். கனகலட்சுமி விடியற்காலையில் எழுந்து பக்கத்துக் கட்டிலைத் தட்டிப் பாய் விரித்தாள். தலையணை உறையைத் துவைத்துக் காயப்போட்டாள். ஜன்னலோரக் கட்டில் வேண்டும் என்று கவியா எப்போதும் கேட்பாள் என்று தன்னுடைய கட்டிலை அவளுக்கு ஒதுக்கிவிட்டு, தான் இந்தப் பக்கம் மாறிக்கொண்டாள். என்னென்ன பேசுவது என்று மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கவியா வந்தாள். கொஞ்சம் கருத்திருந்தாள். அதே ஒற்றைப் பை. வாசலில் நின்று ரூமை ஒரு பார்வை பார்த்தாள்.

"வாட்டீ" என்றாள் கனகலட்சுமி. பையை வாங்கக் கை நீட்டினாள்.

கவியா தாயாரம்மாள் பக்கம் திரும்பினாள். "அக்கா, மாடி ரூமுல எடம் இருக்கா?"

"இன்னாடி இது, உன் கட்டிலு இங்க காலியாத்தான கீது? காலைல எந்திரிச்சி எப்பிடி ரெடி பண்ணி வெச்சிக்கிது பாரு இந்தப் பொண்ணு."

"மாடியிலயே இருந்துக்கிடுதேன்க்கா."

கனகலட்சுமி கிட்டே போய் அவள் கையைப் பிடித்தாள். "கோவமாட்டீ? நான் எழுதுனது தப்புதான். ஒத்துக்கிட்டேம்லா. எல்லாத்தையும் சொல்லிட்டேம்லா."

"ஏஜெண்டு சொன்னாரு. ஒன் பேரச் சொல்லித்தான் என்னய வரவழைச்சன்னு. நான் அதுக்குக் குத்தம் சொல்லல." கவியாவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் கனகலட்சுமிக்குப் பயமாக இருந்தது. "பதினாலு போர்டையும் நாப்பது தடவ சோதிச்சியாமே?"

"ஆமாட்டீ. சாப்பாட்டு நேரமெல்லாம் அதேதான்."

"எங்கிட்ட ஒரு தடவ கேட்டியா?"

"என்னத்தட்டீ?" என்றாள் கனகலட்சுமி.

"அன்னைக்கு மொதல்ல ரெண்டு போர்டத் திருப்பி அனுப்புனீங்கள்லா, அதுலயே பாத்துட்டேன். ஸ்லாட்டுக்குள்ள செவப்பா இருந்துச்சு. மோந்தா தெரியாதா குங்குமம்னு? ஒன் மேஜையில இருந்துதான் வந்துருக்கும்னு தெரியும். நான் வாயத் தொறந்தா ஒன் வேல போயிரும். அதான் பேசாம நின்னேன். ராத்திரி ரூமுக்கு வந்ததும் நீயே கேப்பன்னு நெனச்சேன். என்னட்டீ ஆச்சுன்னு ஒரு வார்த்த கேட்டா சொல்லிருவோம், ரெண்டு பேருமாச் சேந்து ஏதாவது பண்ணிக்கிடுவோம்னு இருந்தேன். விடியுற வரைக்கும் முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன் கனகு. நீ செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்ட."

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டாள். மாடிப்படியில் அவள் ஏறுகிற சத்தம் கேட்டது. மேலே யாரோ, "ஏ, கவியா வந்துட்டா!" என்று கூவினார்கள். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

கனகலட்சுமி நின்ற இடத்திலேயே நின்றாள். கூப்பிட்டால் திரும்பி வருவாளா என்று நினைத்தாள். தாயாரம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் மேலே ஒரு தடவை பார்த்தாள், கட்டிலை ஒரு தடவை பார்த்தாள்.

"வாலாஜாபாத்ல இருந்து ஒரு பொண்ணு கேட்டுக்கினு கீது. இந்தக் கட்டில அதுக்குக் குட்துடட்டுமா?"

"குடுத்துருங்கக்கா" என்றாள் கனகலட்சுமி.